மருந்தின் விலை – 14: பீட்டா படிகத்தின் வழக்கு

காலையில் சாப்பிட்டு முடித்ததும் நான்கு கேப்சூல், கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். ஒவ்வொரு கேப்சூலிலும் 100 மில்லிகிராம் இமாட்டினிப். ஒரு வேளையும் தவறக்கூடாது. உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்திவிடவும் கூடாது. மாதத்துக்கு 120 கேப்சூல். நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவர் வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்கவைத்து, மற்றவர்களைப் போல வாழ இவ்வளவு போதும் என்ற நிலை 2003-இல் வந்துவிட்டது. மருத்துவர்கள் இந்நோயைச் சுருக்கமாக சி.எம்.எல். என்பார்கள்.

ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் ‘கிளிவெக்’ என்ற பெயரில் விற்ற இந்த மருந்துக்கு இந்தியாவில் மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. ஹைதராபாத்தின் நாட்கோ முதலான இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்துக்கு மாதம் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய் வரை.

நோய் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். இடையில் நிற்கும் 1,10,000 ரூபாய் எதற்கான விலை? இந்தக் கேள்வி சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று ஏறி, தில்லியில் உச்ச நீதிமன்றத்தில் முடிய ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இத்தொடரில் இதுவரை பார்த்த அமெரிக்க செனட் விசாரணைகளும் எய்ட்ஸ் மருந்துப் போராட்டமும் வேறு மண்ணில் நடந்தவை. இந்த வழக்கின் பெரும்பகுதி நம் ஊரிலேயே நடந்தது.

1970 தந்த சுதந்திரம்

சென்ற அத்தியாயத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். விடுதலைக்குப் பிறகும் 1911-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலத்துக் காப்புரிமைச் சட்டமே நம்மை ஆண்டது. அதை ஆராயும் பொறுப்பு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவர் கையில் இருந்தன. அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இந்தியாவில் உற்பத்திக்கே வரவில்லை. உரிமையை வாங்கிவைத்துக்கொண்டு, பொருளை வெளியிலிருந்து கொண்டுவந்து விற்பதே வழக்கமாக இருந்தது. 1959-இல் அவர் அளித்த அறிக்கை இதையெல்லாம் எடுத்துவைத்தது.

அந்த அறிக்கையின் வழியில் வந்ததுதான் 1970-ஆம் ஆண்டுச் சட்டம். 1972 ஏப்ரல் 20-இல் நடைமுறைக்கு வந்த அது, உணவுக்கும் மருந்துக்கும் பொருள் காப்புரிமை கிடையாது என்றது. தயாரிக்கும் முறைக்கு மட்டும், அதுவும் குறுகிய காலத்துக்கு, உரிமை உண்டு. ஒரே மருந்தை வேறு முறையில் யாரும் தயாரிக்கலாம். நாட்கோவும் சிப்லாவும் இன்னும் நூற்றுக்கணக்கான நிறுவனங்களும் வளர்ந்தது இந்த இடைவெளியில்தான். உலகின் விலையுயர்ந்த மருந்துச் சந்தைகளில் ஒன்று என்று 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட் குழு சுட்டிக்காட்டிய நாடு, இருபது முப்பது ஆண்டுகளில் மலிவு மருந்துக்குப் பேர்போன நாடாக மாறியது.

1995 ஜனவரி 1-இல் உலக வர்த்தக அமைப்பு உருவானபோது இந்தச் சுதந்திரத்துக்குக் கெடு விதிக்கப்பட்டது. அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தின்படி 2005-க்குள் இந்தியா மருந்துகளுக்கும் பொருள் காப்புரிமை வழங்கியாக வேண்டும். கிளிவெக்கின் கதை அந்தப் பத்தாண்டு இடைவெளியில் வந்து விழுந்தது.

ஒரு நோய்க்கு ஒரு சாவி

சி.எம்.எல். நோயில் எலும்பு மஜ்ஜை வெள்ளை அணுக்களைக் கட்டுக்கடங்காமல் பெருக்குகிறது. 1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். அது ஏன் குட்டையாயிற்று என்பதை 1973-இல் சிகாகோவில் ஜானெட் ரௌலி கண்டுசொன்னார். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்கின்றன. அந்த ஒட்டில் உருவாகும் ஒரு புரதம் அணுவை ஓயாமல் பெருகச் சொல்லி முடுக்குகிறது என்பது பின்னர் தெளிவானது.

பாசெல் நகரில் சிபா-கெய்கி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடனின் குழு இத்தகைய புரதங்களை முடக்கும் வேதிப்பொருள்களைத் தேடியது. வேதியியலாளர் யூர்க் ஜிம்மர்மன் உருவாக்கியவற்றில் ஒன்றுதான் இமாட்டினிப். அதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1993-இல் பதிவானது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் அந்தப் பொருள் சி.எம்.எல். அணுக்களைக் கொல்வதையும் இயல்பான அணுக்களை விட்டுவைப்பதையும் தன் ஆய்வகத்தில் காட்டினார். நோயாளிகளிடம் சோதித்தே ஆகவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவரும் அவரே. 1996-இல் சிபா-கெய்கியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆயின. 1998 ஜூனில் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது.

மற்ற மருந்துக்கு மசியாத நோயாளிகள் 54 பேருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ கொடுத்ததில், 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. புற்றுநோய் மருத்துவத்தில் அதுவரை எவரும் கண்டிராத முடிவு. செய்தி பரவியதும், உற்பத்தியைப் பெருக்கும்படி 3,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு நோவார்ட்டிஸின் தலைவர் டேனியல் வசெல்லாவுக்குப் போனது. நிறுவனமும் செவிசாய்த்தது. 2001 மே 10-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

இதில் நிறுவனத்தின் பங்கைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மூலக்கூறை உருவாக்கியதும், மருந்தாக்கியதும், உலகெங்கும் சோதனைகளை நடத்தியதும் அவர்களே. ஆனால் நோயின் வேரைக் கண்டுபிடித்த நாற்பது ஆண்டு உழைப்பு பல்கலைக்கழகங்களில், பெருமளவு பொதுப் பணத்திலும் அறக்கொடையிலும் நடந்தது. விலை வைக்கும்போது அந்தப் பங்கு கணக்கில் வரவில்லை. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலர் என்று விற்பனை தொடங்கியது. அந்த விலை தனக்கு மிகுந்த சங்கடம் தந்ததாக 2007-இல் ட்ரூக்கரே ஓர் இந்திய நாளிதழில் எழுதினார்.

அஞ்சல் பெட்டியும் தனி விற்பனை உரிமையும்

1993-இல் ஜிம்மர்மன் காப்புரிமை கேட்டபோது இந்தியாவில் மருந்துக்குப் பொருள் காப்புரிமையே இல்லை. ஆகவே மூல மருந்து இங்கே யாருக்கும் சொந்தமாகவில்லை. நோவார்ட்டிஸின் ஆதங்கத்துக்கு இதுவே அடிப்படை. பெரிய கண்டுபிடிப்பு, ஆனால் இவ்வளவு பெரிய நாட்டில் உரிமை இல்லை.

அவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. இமாட்டினிப் நீரில் எளிதில் கரைவதில்லை. அதை மீத்தேன்சல்ஃபோனிக் அமிலத்துடன் சேர்த்து உப்பாக்கினால் நன்றாகக் கரையும். அதுதான் இமாட்டினிப் மெசிலேட். அந்த உப்பைப் படிகமாக்கும்போது ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் கிடைக்கின்றன. ஆல்ஃபா வடிவம் ஊசி ஊசியாக இருக்கும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பீட்டா வடிவம் கையாளச் சுலபமானது. ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, தூள் சீராக விழும், நாள்பட வைத்தாலும் கெடாது. இந்தப் பீட்டா படிகத்துக்குத் தனிக் காப்புரிமை கேட்டு 1997 ஜூலை 18-இல் ஸ்விட்சர்லாந்தில் விண்ணப்பித்தார்கள். ஓராண்டுக்கு ஒரு நாள் முன்னதாக, 1998 ஜூலை 17-இல், சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 1602/எம்.ஏ.எஸ்./1998 என்ற எண்ணில் அதே விண்ணப்பம் பதிவானது.

கோப்பைத் திறந்து பார்க்க அப்போது அலுவலகத்துக்கு அதிகாரமில்லை. 2005 வரை வரும் மருந்து விண்ணப்பங்களை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ‘அஞ்சல் பெட்டி’ என்று பெயர் பெற்ற ஏற்பாடு இது. இதைச் சட்டத்தில் சரிவர எழுதவில்லை என்று அமெரிக்கா தொடுத்த புகாரில் 1997-இல் இந்தியா தோற்றது. அதன் விளைவாக 1999-இல் சட்டம் திருத்தப்பட்டது. காத்திருக்கும் மருந்துகளுக்குக் காப்புரிமை வரும்வரை ‘தனி விற்பனை உரிமை’ அளிக்கலாம் என்றது அத்திருத்தம்.

2003 நவம்பர் 10-இல் கிளிவெக்குக்கு அந்த உரிமை கிடைத்தது. கையோடு நோவார்ட்டிஸ் நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் சில இந்தியத் தயாரிப்பாளர்களுக்குத் தடை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அப்படித் தடை விதிக்க மறுத்தது. தடைக்கு உள்ளான நிறுவனங்கள் உற்பத்தியை நிறுத்தின. நேற்றுவரை எட்டாயிரம், பத்தாயிரம் திரட்டி மருந்து வாங்கிய குடும்பங்கள் இனி ஒரு லட்சத்துக்கு மேல் தேட வேண்டும் அல்லது நிறுவனத்தின் இலவசத் திட்டத்தில் இடம் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். காப்புரிமை இன்னும் பரிசீலிக்கப்படவே இல்லை. அதற்கு முன்பே அதன் வலியை நோயாளிகள் அனுபவித்துவிட்டார்கள். பின்னாளில் அவர்கள் தரப்பு அத்தனை உறுதியாக நின்றதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

நாடாளுமன்றம் போட்ட வேலி

2004 டிசம்பர் 26-இல், கெடு முடிய ஐந்து நாள் இருக்கையில், அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பொருள் காப்புரிமை திரும்ப வந்தது. ஆனால் அது நிரந்தரச் சட்டமாக வேண்டுமானால் இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவு மன்மோகன் சிங் அரசுக்குத் தேவைப்பட்டது. நோயாளிகள் அமைப்புகளும் மக்கள் மருத்துவ இயக்கங்களும் உள்நாட்டு நிறுவனங்களும் நெருக்கின. 2005 மார்ச்சில் நிறைவேறிய திருத்தச் சட்டத்தில் இரண்டு பாதுகாப்புகள் இடம்பெற்றன.

முதலாவது, பிரிவு 3(டி). ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம், அப்பொருளின் அறியப்பட்ட திறனைக் கூட்டினால் ஒழிய, கண்டுபிடிப்பாகக் கருதப்படாது. உப்பு, படிகம், துகள் அளவு, தூய வடிவம், கலவை என்று ஒரு பட்டியலையே அதன் விளக்கம் தருகிறது. திறனில் கணிசமான வேறுபாடு இல்லாவிட்டால் அவையெல்லாம் அதே பொருள்தான்.

இரண்டாவது, காப்புரிமை வழங்குவதற்கு முன்பே எவரும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். போட்டி நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நோயாளிகள் சங்கமும் கொடுக்கலாம்.

3(டி) ஏன் தேவைப்பட்டது? காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஜிம்மர்மனின் 1993 விண்ணப்பத்துக்கு இந்தியாவில் உரிமை இருந்திருந்தால்கூட 2013-இல் முடிந்திருக்கும். பீட்டா படிகத்துக்கு உரிமை கிடைத்தால் அது 2018 வரை போகும். படிகத்துக்குப் பின் இன்னொரு வடிவம், அதற்குப் பின் ஒரு புதிய கலவை என்று நீட்டிக்கொண்டே போகலாம். சர்க்கரையைக் கற்கண்டாக்கினால் வைத்திருக்கவும் எடுத்துச்செல்லவும் வசதிதான், ஆனால் இனிப்பு கூடுவதில்லை. இனிப்பு கூடினால் மட்டும் புதிய உரிமை என்பதே 3(டி) சொன்னது. காப்புரிமை என்பது கண்டுபிடித்தவருக்குச் சமூகம் கொடுக்கும் தவணைச் சலுகை. தவணை முடிந்ததும் பொருள் எல்லோருக்கும் உரியது. அந்தத் தவணையைக் காக்கவே இந்த வேலி.

2006 ஜனவரி 25

சென்னையில் பெட்டி திறக்கப்பட்டது. 1602 எண் கோப்புக்கு எதிராக ஐந்து எதிர்ப்பு மனுக்கள் வந்திருந்தன. நாட்கோ, சிப்லா, ரான்பாக்சி, ஹெட்டெரோ ஆகிய நான்கு நிறுவனங்களோடு ஐந்தாவதாக மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் வந்திருந்தது. இந்தியக் காப்புரிமை வரலாற்றில் நோயாளிகள் தரப்பு ஒரு மருந்தின் உரிமையை நேரடியாக எதிர்த்து நின்ற முதன்மையான தருணங்களில் இது ஒன்று. 2005 டிசம்பர் 15-இல் எல்லாத் தரப்பையும் கேட்ட உதவிக் கட்டுப்பாட்டாளர் வி. ரெங்கசாமி, 2006 ஜனவரி 25-இல் ஐந்து மனுக்களுக்கும் தனித்தனியாக உத்தரவிட்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

ஜிம்மர்மன் காப்புரிமையிலேயே இப்பொருள் வெளிப்பட்டுவிட்டது, துறை அறிந்தவர்க்கு இது எளிதில் தோன்றக்கூடியது, 3(டி)-யும் தடுக்கிறது என்பன அவர் காட்டிய காரணங்களில் முக்கியமானவை. திறன் கூடியதற்கு நோவார்ட்டிஸ் முன்வைத்த சான்று, பீட்டா படிகம் உடலில் சேரும் அளவு 30 சதவீதம் அதிகம் என்ற ஓர் ஆய்வு. அது எலிகளிடம் செய்யப்பட்டது. அந்த 30 சதவீதத்தைப் பிறகு உச்ச நீதிமன்றம் வரை எல்லோரும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

விண்ணப்பம் வீழ்ந்ததும் தனி விற்பனை உரிமையும் வீழ்ந்தது. இந்திய நிறுவனங்களின் மருந்து மீண்டும் தடையின்றிக் கடைக்கு வந்தது.

உயர் நீதிமன்றத்தில் இரண்டு கேள்விகள்

நோவார்ட்டிஸ் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. ஐந்து உத்தரவுகளை எதிர்த்ததோடு நிற்கவில்லை, பிரிவு 3(டி)-யையே செல்லாததாக்கக் கேட்டது. அந்தக் கோரிக்கையால்தான் ஒரு மருந்தின் வழக்கு நாட்டின் வழக்காயிற்று. 3(டி) விழுந்தால் கிளிவெக் மட்டுமல்ல, எய்ட்ஸ், காசநோய், இதயநோய் மருந்துகளின் எண்ணற்ற துணை வடிவங்களும் காப்புரிமைக்கு வரிசையில் நிற்கும். இந்தியாவிலிருந்து மலிவு மருந்து வாங்கும் ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளும் பாதிக்கப்படும். ‘எல்லையற்ற மருத்துவர்கள்’ அமைப்பு வழக்கைத் திரும்பப் பெறும்படி நடத்திய இயக்கத்தில் உலகெங்கும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

உத்தரவுகளை எதிர்த்த மனுக்கள் 2007 ஏப்ரலில் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு மாற்றப்பட்டன. 3(டி)-யின் செல்லுபடி பற்றிய வழக்கு மட்டும் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வின் முன் நின்றது. நோவார்ட்டிஸ் இரண்டு வாதங்களை வைத்தது. 3(டி) உலக வர்த்தக ஒப்பந்தத்துக்கு முரணானது. ‘திறன்’ என்றால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை, ஆகவே அதிகாரி நினைத்தபடி முடிவெடுக்க இடமளிக்கிறது, அது அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவுக்கு எதிரானது.

2007 ஆகஸ்ட் 6-இல் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்தை இந்தியா மீறியதா என்று தீர்மானிக்க அந்த ஒப்பந்தமே தனி மன்றம் வைத்திருக்கிறது. உள்நாட்டு நீதிமன்றத்தில் ஒரு நிறுவனம் அதைக் கிளப்ப முடியாது. இரண்டாவது வாதத்துக்கு நீதிபதிகள் மருத்துவ அகராதியைத் திறந்தார்கள். மருந்துத் துறையில் திறன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன். இத்துறையில் உழல்பவர்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. மருந்துக்கு மருந்து அளவு மாறும் ஒன்றை நாடாளுமன்றம் எண்ணால் எழுதிவைக்கவும் முடியாது. உயிர்காக்கும் மருந்து குடிமக்களுக்கு எட்டவேண்டும் என்ற அரசியல் சட்டக் கடமையையும் காப்புரிமையைப் புதுப்பித்துப் புதுப்பித்து நீட்டும் வழக்கத்தைத் தடுப்பதையும் மனத்தில் வைத்தே இத்தீர்ப்பை அளிப்பதாகவும் சொன்னார்கள். நோவார்ட்டிஸ் இத்தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போகவில்லை. பிரிவு 3(டி) நிலைத்தது.

அடுத்து மேல்முறையீட்டு வாரியம். அதன் தலைமையிடமும் சென்னையாகவே இருந்தது. 2009 ஜூன் 26-இல் அது ஒரு நடுவழி எடுத்தது. பீட்டா படிகம் புதியது, அதில் கண்டுபிடிப்பின் கூறும் உண்டு. ஆனாலும் குணப்படுத்தும் திறன் கூடியதாக நிரூபணம் இல்லாததால் 3(டி)-யைத் தாண்டவில்லை. மாதம் 1,20,000 ரூபாய் என்ற விலை சாமானியரால் நினைத்துப் பார்க்க முடியாதது என்பதையும் வாரியம் பதிவுசெய்தது. நோவார்ட்டிஸ் அங்கிருந்து நேரே உச்ச நீதிமன்றம் போனது.

தில்லியில்: எதனோடு ஒப்பிடுவது?

2012 செப்டம்பரில் தொடங்கிய விசாரணை அந்த ஆண்டின் இறுதிவரை நீண்டது. நோவார்ட்டிஸுக்காக கோபால் சுப்பிரமணியமும் டி.ஆர். அந்தியருஜினாவும், புற்றுநோயாளிகள் சங்கத்துக்காக ஆனந்த் குரோவரும் வாதாடினார்கள். 2013 ஏப்ரல் 1-இல் நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அமர்வு தீர்ப்பளித்தது. அய்யங்கார் அறிக்கையிலிருந்து தொடங்கி இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் வரலாற்றையே எழுதிய தீர்ப்பு அது.

வழக்கின் முடிச்சு, ஒப்பிடும் பொருள் எது என்பதில் இருந்தது. நோவார்ட்டிஸ் பீட்டா படிகத்தை வெறும் இமாட்டினிப்போடு ஒப்பிட்டது. அப்படி ஒப்பிட்டால் கரைதிறன் முதல் எல்லாமே கூடியிருப்பதாகத் தெரியும். எதிர்த் தரப்போ, இடையில் இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பு இருக்கிறதே, அது ஏற்கெனவே அறியப்பட்டது, அதனோடு ஒப்பிடுங்கள் என்றது. உப்பு ஜிம்மர்மன் காப்புரிமையின் எல்லைக்குள் வந்தாலும் அதில் வெளிப்படுத்தப்படவில்லை என்று நோவார்ட்டிஸ் வாதிட்டது.

நீதிமன்றம் நிறுவனத்தின் சொந்தத் தாள்களையே எடுத்துக் காட்டியது. அமெரிக்காவில் ஜிம்மர்மன் காப்புரிமையின் ஆயுளை நீட்டிக்கக் கேட்டபோது, அது கிளிவெக்கை உள்ளடக்கும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 2004-இல் பிரிட்டனில் நாட்கோவின் மருந்து விற்பனைக்கு வந்தபோது, அதே ஜிம்மர்மன் காப்புரிமையைக் காட்டி நோட்டீஸ் அனுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். ஓர் ஊரில் பழைய காப்புரிமைக்குள் அடங்கியது, இன்னோர் ஊரில் புதிய கண்டுபிடிப்பாக இருக்க முடியாது. காப்புரிமையில் ஒன்றை உள்ளடக்கிவிட்டு, வெளிப்படுத்தவில்லை என்று பிறகு கைவிரிக்கும் இடைவெளியை இந்தியச் சட்டம் அனுமதிக்காது. இமாட்டினிப் மெசிலேட் அறியப்பட்ட பொருளே.

மிச்சமிருந்தது படிகம். சீராக விழுவது, ஈரம் உறிஞ்சாதது, நிலைத்திருப்பது எல்லாம் தயாரிப்பவருக்கும் சேமிப்பவருக்கும் நன்மைதான். நோயைக் குணப்படுத்துவதோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்வதும் தன்னளவில் போதாது. அதனால் குணம் கூடியது என்று ஆய்வுத் தரவு காட்ட வேண்டும், அப்படி எதுவும் காட்டப்படவில்லை. மேலும், அந்த 30 சதவீதமும் வெறும் இமாட்டினிப்போடு ஒப்பிட்டது. உப்போடு ஒப்பிட்டு எந்தச் சான்றும் இல்லை. மேல்முறையீடு தள்ளுபடியானது.

படிப்படியான முன்னேற்றம் எதற்கும் காப்புரிமை இல்லை என்று இத்தீர்ப்பைப் படிக்கக்கூடாது என்பதையும் நீதிபதிகள் தெளிவாக எழுதினார்கள். உண்மையில் குணம் கூடினால் கதவு திறந்தே இருக்கிறது.

இலவசம் என்ற பதில்

வழக்கு முழுவதும் நோவார்ட்டிஸ் சொன்ன ஒரு பதிலை நேர்மையாக எடைபோட வேண்டும். இந்தியாவில் கிளிவெக் பெறுபவர்களில் 95 சதவீதம் பேருக்கு, சுமார் 16,000 பேருக்கு, தாங்கள் இலவசமாகவே கொடுப்பதாக நிறுவனம் சொன்னது. அத்திட்டத்தால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. அவர்களுடைய நன்றியை எவரும் குறைசொல்ல முடியாது.

ஆனால் கொடை, கொடுப்பவரின் விருப்பம் உள்ளவரைதான். யாருக்குத் தகுதி என்பதைக் கொடுப்பவர்தான் தீர்மானிப்பார். எப்போது நிறுத்துவது என்பதும் அவர் கையில்தான். எட்டும் விலையில் மருந்து கடையில் இருந்தால் நோயாளி எவரிடமும் வருமானச் சான்று காட்டிக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையும் மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாம். போட்டி இருக்கும் இடத்தில் விலை இன்னும் இறங்கும், இறங்கியது. இமாட்டினிப்பை 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தபோது, ஏழை நாடுகள் அதை நம்பிக்கையோடு வாங்க முடிந்ததற்கு இந்திய ஜெனரிக் தயாரிப்பே காரணம்.

ஆய்வுச் செலவை எடுக்க வேண்டாமா என்ற கேள்வியும் நியாயமானது. எடுக்கவேண்டும்தான். ஆனால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 30,000 டாலரில் தொடங்கிய கிளிவெக், செலவு மீண்டுவந்த பிறகும் ஏறிக்கொண்டே போய் 2012-இல் சுமார் 92,000 டாலரைத் தொட்டது. அந்த ஓராண்டில் மட்டும் உலக விற்பனை 460 கோடி டாலருக்கு மேல். உற்பத்திச் செலவோ, ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டதில், நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 200 டாலரைச் சுற்றியே வந்தது. 2013-இல், இந்தியத் தீர்ப்பு வந்த அதே மாதத்தில், உலகின் சி.எம்.எல். நிபுணர்கள் நூறு பேருக்கும் மேல் சேர்ந்து ‘பிளட்’ ஆய்விதழில் இந்த விலைகள் நியாயமற்றவை என்று எழுதினார்கள். இம்மருந்துகளின் சோதனைகளை நடத்தியவர்களே அவர்களில் பலர்.

ஆகவே அந்த 1,10,000 ரூபாய் எதற்கான விலை என்ற கேள்விக்கு விடை இதுதான். அது மருந்தின் விலையோ ஆய்வின் விலையோ இல்லை, வேறு எவரும் விற்கக்கூடாது என்ற அனுமதியின் விலை. அந்த அனுமதி எத்தனை ஆண்டு, எதற்கு, எந்த நிபந்தனையில் என்பதைச் சட்டம்தான் முடிவுசெய்கிறது. மருந்து விலை சந்தையில் தானாக உருவாவதாக நினைக்கிறோம். பெரும்பகுதி நாடாளுமன்றத்திலும் காப்புரிமை அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் உருவாகிறது. அதனால்தான் அங்கே நோயாளிகள் தரப்பு ஆஜராக வேண்டியிருக்கிறது. 2005-இல் எவரும் எதிர்க்கலாம் என்ற வாசல் திறந்திருக்காவிட்டால், மும்பைச் சங்கம் சென்னை விசாரணைக்கு வந்தே இருக்க முடியாது. பிலிப்பைன்ஸ் 2008-இல் 3(டி)-யைப் போன்ற ஒரு பிரிவைத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 3(டி)-யை நீக்கும்படி இந்தியா மீது வர்த்தகப் பேச்சுகளில் நெருக்குதல் இன்னும் ஓயவில்லை. அந்தப் பிரிவைப் பற்றிய விவரம் வழக்கறிஞர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. மாதாமாதம் மருந்துச் சீட்டோடு கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சட்டம் அது.

இந்த வழக்கில் நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமை செல்லாது என்றாயிற்று. காப்புரிமை முறையாகவே கிடைத்து, அதில் பழுதும் இல்லாமல், விலை மட்டும் மக்களுக்கு எட்டாமல் நின்றால்? ஜெர்மனியின் பேயர் நிறுவனம் சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்களுக்கான தன் மருந்தை மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச் 9-இல் இந்தியா தன் முதல் கட்டாய உரிமத்தை, அதாவது காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமலே அம்மருந்தை வேறொருவர் தயாரித்து விற்கும் அனுமதியை, நாட்கோவுக்கு வழங்கியது. அதே மருந்தை மாதம் 8,800 ரூபாய்க்கு விற்க அந்நிறுவனம் முன்வந்திருந்தது. பேயரின் மேல்முறையீட்டை விசாரித்த வாரியத்தின் தலைவராக அப்போது இருந்தவர் நமக்கு ஏற்கெனவே அறிமுகமான நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். அந்த வழக்கு அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)